பாரிசவாயுவும் பத்தியமும்

பாரிசவாயு கண்டு ஒருவர் படுத்துவிட்டால், நம் வீடுகளில் உடனே கஞ்சி தயாராகிவிடுகிறது. பார்க்க வரும் உறவினர்களோ ஆளுக்கொரு லேகியத்தைச் சிபார்சு செய்கிறார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆயினும், அவசரப்பட்டு ஊட்டும் அன்பு பிராணனுக்கே ஆபத்தாகிவிடக்கூடும் என்பதை நாம் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், கைகால்கள் மட்டுமே ஸ்வாதீனம் இழப்பதில்லை. ஆரம்ப நாட்களில் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விழுங்குவதும் சிரமமாகிவிடுகிறது. நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். அவர்களில் சிலருக்கு இருமலே வராது. கஞ்சி சப்தமின்றி நுரையீரலில் இறங்கி, நிமோனியாவில் கொண்டுவிடும். ஆகையால், விழுங்கும் சக்தியைப் பரிசோதித்து அனுமதி தரும்வரையில் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்கலாகாது. பலருக்குத் தெளிந்த நீர்தான் அதிக அபாயம். அது தொண்டையில் விரைந்து ஓடிவிடுகிறது. கெட்டியான கூழ் மெள்ள இறங்கும். எவ்வளவு கெட்டி என்பதைப் பரிசோதித்தவரே சொல்ல வேண்டும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பின்பே மறு வாய் ஊட்டுக. வலுவிழந்த பக்கத்துக் கன்னத்தில் பருக்கைகள் ஒதுங்கியிருக்கும். அவற்றைத் துடைத்தெடுத்த பிறகும் சற்று நேரம் படுக்கவைக்க வேண்டாம். மூக்கின் வழியே குழாய் செலுத்தி ஆகாரம் கொடுத்தால் வீட்டார் கலங்குகிறார்கள். பட்டினி அதைவிடக் கொடிது அல்லவா?

இனி, புஷ்டி மருந்துகள். 2005-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. விழுங்கக்கூடிய 4,023 நோயாளிகளில் ஒரு சாராருக்கு மட்டும் வழக்கமான உணவுடன் புஷ்டி ஆகாரமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை! உடல் நலிந்தவர்களுக்கு டாக்டரே அதை எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் பருப்பும் பாலும் முட்டையும் பழமும் வாங்கலாம்.

லேகியம் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைப்பது பெருந்தவறு. ரத்தம் உறையாதிருக்க வார்பரின் சாப்பிடுவோர் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, அடியோடு நிறுத்தவும் கூடாது. கீரையிலுள்ள 'கே' வைட்டமின் அம்மருந்தை எதிர்க்கிறது.

டானிக்கைவிட மலிவான ஒரு காரியம், உப்பைக் குறைப்பது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பே பாரிசவாயு கண்டவர்கள். சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பொட்டாஸியம் உப்பைக் கலந்து உபயோகித்த கிராமங்களில், பாரிசவாயு 14 சதவிகிதம் குறைந்தது. மூத்திரக்காய் கெட்டவர்களுக்கும் சில ரத்த அழுத்த மருந்துகளைச் சாப்பிடுவோருக்கும் மாத்திரம் இந்தக் கலப்பு உப்பு ஆகாது. அவர்கள் ஊறுகாய் ஜாடியையும் அப்பளக் கூடையையும் எட்டாத இடத்தில் வைத்தாலே போதும்.