நால்வர் மேசையில் உலகம்: பள்ளிகளில் சர்வதேச விவகார வினாடி வினா

சர்வதேச விவகார வினாடி வினா என்பது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அணி அணியாகச் சேர்ந்து, நாடுகளுக்கிடையே நடப்பவை பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லும் போட்டி. ஐக்கிய நாடுகள் சபை, உடன்படிக்கைகள், எல்லைகள், வணிகம், போர், அகதிகள், பருவநிலை மாற்றம் என அதன் பரப்பு பெரியது. பொது அறிவுப் போட்டியில் ஆறும் மலையும் சினிமாவும் கிரிக்கெட்டும் கலந்து வரும். இங்கே ஒரே துறைக்குள் ஆழமாகப் போக வேண்டும். மாதிரி ஐ.நா. அமர்வுகளில் மாணவர் ஒரு நாட்டின் பிரதிநிதியாக நின்று வாதாடுவார். வினாடி வினாவில் வாதத்துக்கு நேரம் கிடையாது. அரை நிமிடத்துக்குள் அணி கூடிப் பேசி, ஒரே விடையைச் சொல்லியாக வேண்டும்.

இந்த வகையில் நன்கு அறியப்பட்டது அமெரிக்காவின் 'அகாடமிக் வேர்ல்டுகுவெஸ்ட்'. அங்குள்ள உலக விவகார மன்றங்களின் கூட்டமைப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்காக இதை நடத்துகிறது. ஓர் அணிக்கு நான்கு பேர். பத்துத் தலைப்புகள், தலைப்புக்குப் பத்துக் கேள்விகள் என்பது அதன் அமைப்பு. மணியடித்து முந்துவது இல்லை. கேள்வி எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் வரும், அணிகள் விடைத்தாளில் குறித்துக் கொடுக்கும். ஊர் அளவில் வென்றவர்கள் தலைநகர் வாஷிங்டனில் கூடுகிறார்கள். தலைப்புகளை முன்கூட்டியே அறிவித்து, படிக்க வேண்டியவற்றையும் தந்துவிடுகிறார்கள். ஆகவே அது திடீர் சோதனையாக இல்லாமல், பல மாதப் படிப்பின் முடிவாக அமைகிறது.

இந்தியாவில் வந்த வழி

இதற்கு அடித்தளமான பொது வினாடி வினாவின் கதை வெளிநாட்டிலிருந்து தொடங்குகிறது. கல்லூரி அணிகள் மோதும் 'காலேஜ் பவுல்' 1953-இல் அமெரிக்க வானொலியில் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1962-இல் பிரிட்டனில் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' தொலைக்காட்சிக்கு வந்தது. இந்தியாவில் 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்தியதே முறையான முதல் பொது வினாடி வினா என்று கருதப்படுகிறது. 1972-இல் தொடங்கிய போர்ன்விட்டா வினாடி வினா, பள்ளி மாணவர்களின் குரலை வானொலி வழியே வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 1990-களில் அது தொலைக்காட்சிக்கு மாறியது. 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' கல்லூரி அணிகளை நாடறியச் செய்தது.

தமிழ்நாட்டில் சென்னைதான் இந்தக் கலையின் முதல் களம். சுதந்திர தினத்தன்று பல ஆண்டுகள் நடந்த லேண்ட்மார்க் வினாடி வினாவுக்கு அரங்கு நிறையக் கூட்டம் வந்தது. 'தி இந்து' நாளிதழின் 'யங் வேர்ல்டு' போட்டி பள்ளிப் பிள்ளைகளை இருவர் இருவராக மேடையேற்றியது. இவை எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தவை. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு விடை தெரிந்திருந்தாலும், கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த அணி முந்திவிடும். இந்தத் தடை நெடுநாள் நீடித்தது.

அதைத் தளர்த்தியது அரசுப் பள்ளிகளின் மன்றச் செயல்பாடு. 2022-23 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், அறிவியலுக்கு வானவில் மன்றம், சிறார் திரைப்படத் திரையிடல் ஆகியவற்றைப் பள்ளிக் கல்வித்துறை ஒழுங்குபடுத்தியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடந்தன. கொரோனா காலத்தையொட்டி நடந்த இணையவழி வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்கள் 2022 நவம்பரில் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, ஷார்ஜா சர்வதேசப் புத்தகக் காட்சியைப் பார்த்துத் திரும்பினார்கள். வினாடி வினாவுக்குப் பரிசாக உலகத்தின் ஒரு துண்டையே காட்டிய ஏற்பாடு அது. உலகத்தைப் பற்றிய வினாடி வினாவைத் தனியாக வளர்ப்பது அதற்கு அடுத்த படியாக இருக்க வேண்டும்.

பாடநூலிலேயே இருக்கும் பாதி

இதற்கென்று புதிய பாடத்திட்டம் தேவையில்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடைப்பட்ட உலகம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம் ஆகியவை வரலாற்றுப் பாடங்கள். இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையும் அண்டை நாடுகளுடனான உறவும் குடிமையியலில் வருகின்றன. உலகமயமாதலும் வணிகமும் பொருளியலில் இருக்கின்றன. பொதுத்தேர்வுக்காகப் பிள்ளைகள் ஏற்கெனவே படிப்பவை இவை. ஆனால் தேர்வு ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. நல்ல வினாடி வினா அவற்றைக் கோத்துக் கேட்கிறது.

ஐ.நா.வை எடுத்துக்கொண்டால், அது 1945 அக்டோபர் 24 அன்று தொடங்கியது, முதலில் 51 உறுப்பு நாடுகள், இன்று 193 என்பது மனப்பாடம். அந்த 51 நாடுகளில் இந்தியாவும் உண்டு என்றதும் ஒரு கேள்வி பிறக்கிறது: சுதந்திரம் 1947-இல்தானே வந்தது? சான்பிரான்சிஸ்கோவில் பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவர் ஆர்க்காடு ராமசாமி முதலியார். சென்னையில் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராக இருந்த அவரே ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராகவும் ஆனார். திராவிட இயக்க வரலாறும் ஐ.நா. வரலாறும் சந்திக்கும் இடம் இது. இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி தயாரிப்பவரின் முதல் வேலை.

தமிழ் மாணவர்கள் தவறவிடக் கூடாத பகுதி இலங்கை. மலையகத் தமிழர்களின் குடியுரிமையைத் தீர்மானித்த 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், கச்சத்தீவு தொடர்பான 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம், மீன்பிடிப்பு பற்றிய 1976-ஆம் ஆண்டு ஏற்பாடு, 1987-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கை ஆகியவை இரு நாட்டு உறவின் முக்கியக் கட்டங்கள். ராமேஸ்வரம் மீனவர் கைது என்று நாளிதழில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டுகள் வெறும் எண்களாகத் தோன்றாது.

மங்கலம்பேட்டையிலிருந்து பார்த்தால்

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர்: கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் இருக்கும் பேரூர் மங்கலம்பேட்டை. சர்வதேச விவகாரம் என்றதும் நியூயார்க்கும் ஜெனீவாவும் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்தப் பகுதி மாணவரின் கண்ணெதிரே இருப்பவற்றிலிருந்தே ஒரு முழுப் போட்டிக்குக் கேள்வி எடுக்கலாம்.

முதலில் மண். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். மின் சாதனங்களுக்கான பீங்கான் பாகங்கள், பொம்மைகள், அகல் விளக்குகள் இங்கே உருவாகின்றன. பீங்கானின் தாயகம் சீனா. அதன் சூத்திரத்தை ஐரோப்பா நெடுங்காலம் தேடியது. ஜெர்மனியின் மைசன் நகரில் ஐரோப்பாவின் முதல் உயர்தரப் பீங்கான் ஆலை 1710-இல் அமைந்தது. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த தரை ஓடுகள் மீது இந்தியா பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்ததுண்டு. அந்த வரி எதற்காக, எந்த உலக அமைப்பின் விதிப்படி என்ற கேள்வி, சூளைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளையை உலக வணிக அமைப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடுத்தது முந்திரி. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், இன்று பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களின் வாழ்வாதாரம். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் முந்திரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் இந்திய ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி ஆகிறது. கொட்டை விளைச்சலில் ஐவரி கோஸ்ட் முன்னணி நாடு. பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் முதலிடம். உடைத்த பருப்பின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்கு விடை மூன்று நாடுகளில் கிடக்கிறது.

மூன்றாவது நெய்வேலி. 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு எழுந்தது. சுரங்கத்தில் மண்ணை வாரிய ராட்சத எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது எதிரெதிர் முகாம்களின் தொழில்நுட்பம் ஒரே ஊரில் வேலை செய்தது. 1961-இல் பெல்கிரேடு மாநாட்டில் இயக்கமாக உருப்பெற்ற அணிசேராக் கொள்கையை மாணவருக்கு விளக்க, இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று கிடைக்காது.

நான்காவது வளைகுடா. வேலைக்காகக் குடும்பத்தில் ஒருவரை அங்கே அனுப்பிய வீடுகள் கடலூர் மாவட்டத்தில் நிறைய. திர்ஹம், ரியால், தினார் ஆகியவற்றின் மாற்று மதிப்பு பெரியவர்கள் வாயில் அன்றாடம் புழங்குகிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் பணத்தை உலகிலேயே அதிகம் பெறும் நாடு இந்தியா. எண்ணெய் விலையும் ஹோர்முஸ் நீரிணையும் இந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பச் செய்திகள்.

போட்டி நடக்கும் முறை

முதலில் எழுத்துச் சுற்று. எத்தனை அணிகள் வந்தாலும் இருபது, இருபத்தைந்து கேள்விகளுக்குத் தாளில் விடை எழுத, மதிப்பெண் வரிசையில் ஆறோ எட்டோ அணிகள் மேடைக்குத் தேர்வாகும். மேடையில் நேரடிச் சுற்று, வரைபடச் சுற்று, படச் சுற்று, ஒலிச் சுற்று, விரைவுச் சுற்று என்று வகைகள் உண்டு. நேரடிச் சுற்றில் ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் 'பாஸ்' ஆகும். விடையைச் சொன்ன அணிக்கு அடுத்த அணியிடம் புதிய கேள்வி தொடங்கினால் எல்லோருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாகும். 'பஸ்ஸர்' சுற்றில் முந்தி அழுத்தித் தவறாகச் சொன்னால் மதிப்பெண் கழியும். அதனால் அங்கே துணிச்சலுக்கும் நிதானத்துக்கும் ஒருசேரச் சோதனை. சமநிலை வந்தால், ஒவ்வொரு குறிப்பாக வெளியிடும் கேள்வியால் முடிவு செய்வது வழக்கம்.

சர்வதேச விவகாரத்துக்கு வரைபடச் சுற்று உயிர்நாடி. பெயரில்லாத வரைபடத்தில் ஒரு நீரிணையைக் காட்டி, அது மூடப்பட்டால் எந்த நாடுகள் முதலில் பாதிக்கப்படும் என்று கேட்டால், புவியியலும் அரசியலும் சேர்ந்து விடையாக வேண்டியிருக்கும்.

கேள்வியின் தரம்

"சர்வதேச நீதிமன்றம் எங்கே இருக்கிறது?" என்பது நினைவுக் கேள்வி. "ஐ.நா.வின் ஆறு முதன்மை உறுப்புகளில் நியூயார்க்கில் அமையாதது எது?" என்பது அதே செய்தியை யோசிக்க வைத்துக் கேட்பது. ஆறையும் வரிசையாக எண்ணிப் பார்க்கும் அணி, நெதர்லாந்தின் ஹேக் நகருக்குத் தானே வந்துசேரும். "பலாவு சுதந்திரம் பெற்றதால் வேலையில்லாமல் போன ஐ.நா. உறுப்பு எது?" என்பது இன்னும் ஒரு படி மேல். 1994-இல் அந்தத் தீவு நாடு விடுதலை பெற்றதும் அறங்காவலர் மன்றம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. காலனிய ஆட்சி முடிந்த கதை முழுவதும் அந்த ஒரு விடைக்குள் அடங்கியிருக்கிறது.

கேள்வி தயாரிப்பவர் காக்க வேண்டிய ஒழுங்குகள் சில. ஒவ்வொரு விடையையும் குறைந்தது இரண்டு நம்பகமான இடங்களில் சரிபார்க்க வேண்டும். தலைவர்களும் உறுப்பினர் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருப்பதால், எந்தத் தேதி வரையிலான நிலவரம் என்று அறிவிக்க வேண்டும். ஜி-20 அமைப்பில் 2023 செப்டம்பர் டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் சேர்ந்ததை அறியாத பழைய வினா வங்கி, சரியான விடை சொன்ன பிள்ளையைத் தவறு என்று உட்கார வைத்துவிடும். ஊர்ப்பெயர், ஆள்பெயர்களின் தமிழ் எழுத்துமுறை வேறுபட்டால் மதிப்பெண் குறைக்கக் கூடாது. போர்களைப் பற்றிக் கேட்கும்போது, இறந்தோர் எண்ணிக்கையை வேடிக்கைப் புள்ளியாக்கக் கூடாது. எந்த நாட்டு மக்களையும் இழிவாகச் சித்திரிக்கக் கூடாது.

அணியும் பயிற்சியும்

நால்வர் அணியின் பலமே பங்கீடுதான். ஒருவர் ஐ.நா.வும் உலக அமைப்புகளும், ஒருவர் வரலாறும் உடன்படிக்கைகளும், ஒருவர் வரைபடமும் வளங்களும், ஒருவர் நடப்புச் செய்திகளும் என்று பிரித்துக்கொண்டு, வாரம் ஒருநாள் மற்ற மூவருக்கும் பாடம் எடுத்தால் நால்வரும் எல்லாவற்றையும் அறிவார்கள். அணித் தலைவரின் வேலை, முரண்படும் இரு விடைகளில் யார் உறுதியோடு சொல்கிறார் என்பதைச் சில விநாடிகளில் உணர்ந்து முடிவெடுப்பது. வாயாடும் பிள்ளையின் சத்தத்தில் அமைதியான பிள்ளையின் சரியான விடை அமுங்கிப்போவது அணிகள் தோற்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

பயிற்சிக்கு வேண்டியவை எளியவை: நூலகத்துக்கு வரும் தமிழ் நாளிதழ், சுவரில் ஓர் உலக வரைபடம், ஒரு குறிப்பேடு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் 'தேன்சிட்டு' இதழ் உதவும். செய்தியில் ஒரு நாட்டின் பெயர் வந்தால் அதை வரைபடத்தில் தொட்டுக் காட்டுவது, அண்டை நாடுகளைச் சொல்வது, இந்தியாவோடு அதற்குள்ள உறவை ஒரு வரியில் எழுதுவது ஆகிய மூன்றையும் தினமும் செய்தால், ஓராண்டில் அந்தக் குறிப்பேடே ஒரு கையேடாகிவிடும்.

ஏன் தமிழில், ஏன் சிற்றூரில்

இந்தப் படிப்பு பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குக் கைகொடுக்கும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. இன்று சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் உலகச் செய்தி கைப்பேசி வழியே வந்து கொட்டுகிறது; அதில் உண்மையும் பொய்யும் கலந்தே வருகின்றன. ஆண்டு, இடம், உடன்படிக்கை, மூலம் ஆகியவற்றைக் கேட்டுப் பழகிய மாணவர், ஒரு காணொளியைப் பகிர்வதற்கு முன் அதே கேள்விகளை அதனிடமும் கேட்பார். அண்டை நாட்டின் மீது எழுப்பப்படும் வெறுப்பை வரலாற்றோடு வைத்து எடைபோடுவார்.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும், பாடம் நடத்தும் ஆசிரியர்களும், மன்ற நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபர் 24, ஐ.நா. நாளையொட்டி வட்டார அளவில் தமிழிலேயே ஒரு சர்வதேச விவகாரப் போட்டியை நடத்தலாம். தலைப்புகளை ஜூன் மாதத்திலேயே அறிவித்து, கேள்விகளில் ஒரு பகுதியை அந்தந்த வட்டாரத்தின் தொழில், பயிர், புலம்பெயர்வு ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டும். இருபாலர் பள்ளிகளின் ஒவ்வோர் அணியிலும் ஆண், பெண் இருவகையினரும் இடம்பெறச் செய்ய வேண்டும். பெண்கள் பள்ளிகளுக்குத் தனியே அழைப்பு அனுப்ப வேண்டும். போட்டி முடிந்ததும் கேள்விகளையும் விளக்கங்களையும் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினால், மேடை ஏறாத மாணவர்களுக்கும் அது பாடமாகும். அடுத்த ஆண்டுக்கான வினா வங்கியும் அதிலிருந்தே தொடங்கும்.