உஷார்! ரத்தப் பரிசோதனையை ஏமாற்றும் ‘மூலிகை’ கேப்ஸ்யூல்

“வெறும் வயித்துலதானே வந்தீங்க? மாத்திரை ஏதாவது போடுறீங்களா?” ரத்தம் எடுக்குமுன் லேபில் கேட்பார்கள். “ஒண்ணும் இல்லைங்க” என்று கையை நீட்டுவோம். முடி கொட்டுகிறதே என்று இரண்டு மாதமாக விழுங்கும் மூலிகை கேப்ஸ்யூல் நினைவுக்கே வராது. அது மாத்திரைக் கணக்கில் சேராதே!

வில்லங்கமே அங்கேதான். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பச்சை இலைப் படம், ‘அகத்திச் சாறு’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பயோட்டின் 10,000 மைக்ரோகிராம்’ என்றிருக்கலாம். இந்த வைட்டமின் ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான். குறைந்தது 250 மடங்கு!

மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. கெடுவது ரிப்போர்ட். லேப் மெஷின்கள் சிலவற்றில் ஹார்மோனைப் பிடிக்கும் கொக்கியே பயோட்டின்தான். ரத்தத்திலும் பயோட்டின் நிரம்பியிருந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தைராய்டு டெஸ்டில் டி.எஸ்.ஹெச். குறைந்தும் டி3, டி4 கூடியும் காட்டும். நன்றாக இருக்கும் தைராய்டுக்கு ‘ஹைப்பர்’ பட்டம்; இல்லாத நோய்க்கு மருந்து!

இதைவிடப் பயங்கரம், மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் டெஸ்ட். அளவு குறைத்துக் காட்டினால் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பயோட்டின் அதிகம் எடுத்த ஒருவர் இப்படித் தவறான ட்ரோபோனின் ரிப்போர்ட்டுக்குப் பிறகு இறந்ததைச் சொல்லி, 2017-லேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

இன்னொரு மூலிகையான அதிமதுரம் வேறு ரகம். நாள்கணக்கில் அளவுக்கு மீறினால் பொட்டாசியம் நிஜமாகவே இறங்கும், பிபி ஏறும். ரிப்போர்ட் பொய்யல்ல, நீங்கள் வாய் திறக்காவிட்டால் டாக்டர்தான் காரணம் தெரியாமல் தேடுவார்.

என்ன செய்யலாம்? பயோட்டின் கலந்ததைத் தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு அதிகமென்றால் இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலியென்றால் காத்திருக்கவே கூடாது. உடனே ஓடுங்கள், போனதும் கேப்ஸ்யூல் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கக் கிளம்பும்போது, டாக்டர் சீட்டோடு அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.