போலச்செய்தல் (உரைநடைப் பயிற்சி)

போலச்செய்தல் என்பது, ஒருவர் தமக்கென ஓர் எழுத்து நடையை உருவாக்கிக்கொள்ளும் பொருட்டு, முன்னோடி எழுத்தாளர்களின் நடையைப் பின்பற்றி எழுதிப் பழகும் முறையாகும். விளம்பர வாசகம் எழுதக் கற்போர் பழைய விளம்பரங்களைக் கையால் படியெடுத்துப் பழகுவதும் இம்முறையின் ஒரு வகையே. பயிற்சிக்காகப் பின்பற்றுவது வேறு, பிறர் எழுத்தைத் தமது எனக் காட்டும் இலக்கியத் திருட்டு வேறு.

பிராங்கிளின் முறை

இம்முறைக்குப் பெரிதும் அறியப்பட்ட சான்று பெஞ்சமின் பிராங்கிளின் (1706-1790) தம் தன்வரலாற்றில் தருவதாகும். இளமையில் அவர் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளிலிருந்து வாக்கியத்துக்கு ஒரு சிறு குறிப்பு மட்டும் எடுத்து, சில நாட்கள் ஒதுக்கி வைத்தபின், குறிப்புகளைக் கொண்டே கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்தினார். சொல்வளம் போதாது எனக் கண்டபோது உரைநடையைச் செய்யுளாக்கி மீண்டும் உரைநடையாக்கினார். குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தவும் பழகினார். இடையில் விடப்படும் அந்தச் சில நாட்களே இம்முறையின் உயிர் எனலாம். மூலச் சொற்கள் மறந்த பின்னரே எழுதுபவர் தம் சொல்லைத் தேட நேர்கிறது.

தென்காசி, குற்றாலம்

தமிழில் ஒருவரது நடை பலருக்குப் பயிற்சிக்களமாக அமைந்தமைக்கு ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) சிறந்த எடுத்துக்காட்டு. தென்காசியைச் சேர்ந்த இவர், திருநெல்வேலியில் தம் இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டத்தை நடத்தினார். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தார். இராஜாஜி, கல்கி முதலியோர் இவருடைய நண்பர்கள். 1954 இல் மறைந்த இவர், தம் கடிதங்களுக்காகவும் பெயர் பெற்றவர். எதிரில் இருப்பவருடன் பேசுவது போன்ற சிறு வாக்கியங்கள், பண்டித வழக்கைத் தவிர்த்த சொற்கள், பாடலுக்குப் பதவுரை கூறாமல் காட்சியை முதலில் விரிக்கும் முறை ஆகியன இவர் நடையின் இயல்புகள்.

வேறுபாட்டை ஒரு மாதிரியால் விளக்கலாம் (இவை எவருடைய வாக்கியங்களும் அல்ல). "எழில் கொஞ்சும் குற்றாலத்தின் வெண்ணிற அருவி காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது" என்பது எந்த அருவிக்கும் பொருந்தும். "தலையைக் கொடுத்தால் போதும், மற்றதை அருவி பார்த்துக்கொள்ளும்" என்பதில் குளித்தவர் ஒருவர் இருக்கிறார். பயில்பவர் கற்க வேண்டியது 'போதும்' போன்ற சொற்களை அல்ல. கேட்பவரை எதிரில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை.

வட்டத்தொட்டியைச் சேர்ந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், டி.கே.சி. கவிதைக்குப் பயன்படுத்திய சுவை கூறும் முறையைக் கோயில்களுக்கும் சிற்பங்களுக்கும் கொண்டுசென்றார். அவரது 'வேங்கடம் முதல் குமரி வரை' நூலில் கதையோ நிகழ்ச்சியோ முதலில் வருகிறது, தலவரலாறு பின்னர் வருகிறது. குற்றாலத்தில் டி.கே.சி.யைச் சந்தித்துப் பழகிய கி. ராஜநாராயணன் (1923-2021) இன்னும் விலகிச் சென்றார். பேசுவதுபோல் எழுதலாம் என்ற துணிவு இருவருக்கும் பொது. ஆனால் கி.ரா.வின் பேச்சு இடைசெவல் கரிசல் பேச்சு. குற்றாலச் சாரலின் சாயல் அதில் இல்லை. இடம், பொருள், கேட்பவர் மூன்றும் மாறியதால் நடையும் அவருடையதாயிற்று.

இடர்கள்

ஒருவரை மட்டுமே பின்பற்றுவோரிடம் அவரது வழக்கமான வியப்புச் சொற்களும் முத்தாய்ப்புகளும் தங்கிவிடுகின்றன, அவற்றைத் தோற்றுவித்த சுவையுணர்வு வருவதில்லை. முன்னோடியின் குறைகளும் சேர்ந்தே வரக்கூடும். தம் சுவைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என விலக்கியதற்காகவும், பாடங்களைத் திருத்தியதற்காகவும் டி.கே.சி. அறிஞர்களின் கண்டனத்துக்கு உள்ளானார். அவருடைய நடையை விரும்புவோர் இம்முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) எழுதப்பட்ட வாசகத்தைக் காக்கிறது, நடையைக் காப்பதில்லை. ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். எனவே டி.கே.சி. தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துக்கள் 2015 முதல் பொதுவுடைமையாக உள்ளன. ஆசிரியர் மறைவுக்குப்பின் முதன்முறையாக அச்சேறும் எழுத்துக்களுக்கு இக்காலம் வெளியான ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.