மரத்தின் காலமும் நிலத்தின் உரிமையும்

உழவர் தம் வரப்புகளிலும் பயிர்களுக்கிடையிலும் மரம் வளர்த்தால், அதற்கெனப் பணம் வழங்கும் முறையொன்று இன்று பல நாடுகளில் நடைமுறையிலுள்ளது. வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. அவ்வாறு ஈர்க்கப்பட்ட ஒரு டன் வாயு ஒரு 'கார்பன் கிரெடிட்' எனக் கணக்கிடப்படும். தாம் வெளியிடும் புகைக்கு ஈடு தேடும் நிறுவனங்கள் அதனை விலைகொடுத்து வாங்குகின்றன.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய 'டிஸ்ட்' என்னும் சிறுகுழு மரநடுகைத் திட்டம், தான்சானியாவின் வறண்ட நடுப்பகுதியிலுள்ள ம்ப்வாப்வாவில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் தொடர்பில் 1999இல் தொடங்கியது. பின்னர் கென்யா, உகாண்டா, நம் தமிழ்நாடு ஆகிய இடங்களுக்கும் அது பரவிற்று. ஆறு முதல் பன்னிரண்டு உழவர் ஒரு குழுவாவர். தலைமை முறைவைத்து மாறும். கணக்கெடுப்போர் தோட்டத்திற்கே வந்து, உயிருள்ள மரங்களை எண்ணி, அடிமரத்தின் சுற்றளவைக் குறிப்பர். கென்யாவில் மரமொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு அமெரிக்க சென்ட் முன்பணமும், கிரெடிட் விற்ற இலாபத்தில் 70 விழுக்காடும் உழவருக்கென வகுக்கப்பட்டது. 500 மரங்களுக்கு முன்பணம் 10 டாலரே. ஆகவே விறகு, தீவனம், கனி, மண்வளம் ஆகியவையே உழவரின் பெரும்பயன் என்பதை நாம் மறக்கலாகாது.

எனினும் இங்கு எழும் முதன்மையான வினா பணத்தைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. கிரெடிட் பெறுபவர் மரத்தைப் பல்லாண்டு காப்பதாக வாக்களிக்க வேண்டும். ஆண்டுக் குத்தகையில் உழுபவர் அவ்வாக்கை எங்ஙனம் அளிப்பார்? ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மரம் நடுவதே நிலத்திற்கு உரிமை கோருவதன் அடையாளம். ஆதலால் குத்தகைக்காரரும் பெண்களும் மரம் நடுவதினின்று தடுக்கப்படுவதுண்டு. நிலமுடையவர் பரிசு பெற, உழைப்பவர் வெறுங்கையராய் நிற்கும் நிலை இவ்வாறு உண்டாகிறது.

லேவியராகமம் 19ஆம் அதிகாரம், மரம் நட்டவன் ஐந்தாம் ஆண்டிலேயே அதன் கனியைப் புசிக்கலாம் என விதிக்கிறது. ஐந்தாம் ஆண்டில் அந்நிலத்தில் தான் இருப்போமா என்றறியாதவன் கன்று நடான். எனவே, குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களை உடைய சபைகள் மரம் நடுமாறு பிரசங்கிக்குமுன், குத்தகைச் சீட்டை எடுத்துப் பார்த்தல் நலம். காலம் நீண்டதா? மரம் யாருடையது? கிரெடிட்டின் பணம் யாரைச் சேரும்? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடையளிப்பதே நாம் நடவேண்டிய முதற்கன்று.