நாயின் முதுகும் மருத்துவர் கையும்

பத்து பாகாட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் நாய் வீட்டுக் காவலன். இரவில் வீட்டைச் சுற்றிவரும். பகலில் கால்வாய் தாண்டிக் குதிக்கும். அத்தகைய நாய் ஒருநாள் படியேற மறுத்துப் பின்காலை இழுத்து நடக்குமாயின், ‘சுளுக்கு’ என்று கூறி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவோர் உண்டு. அது எப்போது நன்மை தரும், எப்போது கேடு விளைக்கும் என்பது அறியத்தக்கது.

கையால் முதுகெலும்பைச் சீர்படுத்தும் முறைக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘கைரோபிராக்டிக்’. கிரேக்க மொழியில் ‘கெயிர்’ என்றால் கை. நம் ‘கை’யோடு ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கூறுதல் பொருந்தாது. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பார் இம்முறையைத் தோற்றுவித்தார். எலும்பு இடம்பெயர்ந்து நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. இன்றைய அறிவியல் அதனை ஏற்பதில்லை. எனினும் மனிதரின் முதுகுவலி சிலவற்றுக்கு இம்முறை ஓரளவு பயன்படுகிறது. 1989இல் அமெரிக்காவில் விலங்குகளுக்கான சங்கமும் அமைந்தது.

கைம்முறை நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பகுத்துள்ளது. ஆயின் மனிதனுக்குப் பயன்படுவது நாய்க்கும் அவ்வாறே பயன்படும் என்று கொள்ளலாகாது. நாய்களிடத்து இம்முறையின் பயனை நிறுவும் நல்லாய்வுகள் மிகச் சிலவே.

நாய்க்குக் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. உடல் நீண்டு கால் குறுகிய டாக்சண்டு போன்ற இனங்களில் வட்டின் நடுப்பகுதி இளமையிலேயே இறுகிப் பின் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். இதற்குத் தொடர்புடைய மரபணு மாற்றம் ஒன்றை 2017இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். இந்நிலையிலுள்ள முதுகை அழுத்தித் திருப்பினால் தண்டுவடம் மேலும் சிதையக்கூடும். நோவு மட்டும் இருந்த நாய் நடக்க இயலாமற் போகவுங்கூடும்.

ஆதலால் நோயறிதலே முதற்படி. பின்கால்கள் திடீரெனத் துவளுதல், சிறுநீர் கழிக்க இயலாமை, முதுகைத் தொட்டவுடன் அலறுதல் ஆகியவை தோன்றின் உருவிவிடுதல் கூடாது. நாயைப் பலகைமேல் கிடத்தி, அசையாவண்ணம் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்க. அறுவை வேண்டிய நிலையில் காலத்தாழ்வு கேடாகும். மனிதருக்குரிய வலி மாத்திரை கொடுப்பதும் தவறு. இபுப்ரோபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முதுமையில் வரும் மூட்டுநோய் வேறு. மருத்துவர் மேற்பார்வையில் வலிமருந்து, மென்மையாகப் பிடித்துவிடுதல், அளவான நடை ஆகியன இதற்கு உதவும். இவற்றினும் சிறந்தது உடல் பருக்காமல் காத்தல். லாப்ரடார் நாய்கள் 48ஐ இரு பிரிவாக்கி வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. நான்கில் ஒரு பங்கு உணவு குறைத்து அளிக்கப்பெற்றவை ஏறத்தாழ ஈராண்டு மிகுதியாக வாழ்ந்தன; மூட்டுநோயும் அவற்றுக்குத் தாமதித்தே வந்தது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் மனிதருக்குச் சிகிச்சை செய்வோர் பற்றியது. விலங்குகளுக்குரிய மருத்துவரைப் பதிவு செய்வது 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம். எனவே முதுகு பிடித்துவிடுவதாகக் கூறுவோரிடம் நாயை ஒப்படைக்குமுன், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அதனைப் பார்த்தாரா என்று கேட்டல் வேண்டும்.

நாய் தன் நோவை வாய்விட்டுச் சொல்லாது. பலமுறை மறைக்கவும் செய்யும். நடை மாறுதல், குதிக்கத் தயங்குதல், ஒரே இடத்தை நக்குதல் ஆகியவையே அதன் மொழி. அதனோடு நாளெல்லாம் விளையாடும் பிள்ளைகள் அம்மொழியை முதலிற் காண்பர். ‘நாய் நொண்டினால் தொட்டு இழுக்காதே, பெரியவரிடம் சொல்’ என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லிவைத்தால், அதுவே அந்நாய்க்கு முதலுதவியாகும்.