ஐந்தாவது ஆளைப் பார், தம்பி!

மார்க் குறைந்தால் கோப்பை தருவார்களா? தருவார்கள், அமெரிக்கக் கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில்! பி.காம். படிச்சப்போ எனக்கு இது தெரியாமப் போச்சே!

ஆண்கள் தேசியப் போட்டி 10 கிலோமீட்டர். ட்ராக் கிடையாது, புல்லும் மேடும்தான். அணிக்கு ஏழு பேர். அதில் முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. ஐவரும் வரிசையாக முதலில் வந்தால் 15.

ஆகவே, கல்லூரி தேடும் பையன் மயங்க வேண்டியது சாம்பியன் போட்டோவில் அல்ல. ஐந்தாவது ஆளின் நேரத்தைக் கேட்கணும். எட்டிப் பிடிக்க முடிந்தால் ஓடலாம். இல்லாவிட்டால் நாலு வருஷம் கைதட்டலாம்.

ஊரும் முக்கியம். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி உயரம். அந்த மெல்லிய காற்றில் பழகிய பையன்கள் 2016-லிருந்து 2022-க்குள் ஆறு தடவை கோப்பையைத் தூக்கினார்கள்.

பணம்? மூன்றாம் டிவிஷனிலும் ஐவி லீக்கிலும் ஓட்டத்துக்கென்று உதவித்தொகை கிடையாது. முதல் டிவிஷனின் மற்ற கல்லூரிகளில் கிடைக்கலாம். ஆனால் 2025 முதல் அவற்றில் பலவற்றில் அணிக்கு 17 பேர்தான். பதினெட்டாவது பையனுக்கு டாட்டா!

கடைசிக் கேள்வி: நாளைக்கே முழங்கால் மக்கர் பண்ணினாலும் இதே காலேஜில் படிப்பியா? 'ஆமாம்' என்றால் கையெழுத்துப் போடு, தம்பி!