தட்டைக் கூரை போடுமுன்

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து தையல் கடை கட்டுகிறோம். பின்னாளில் மேல்மாடி எழுப்பலாம் என்பதால் தகரத்தை விட்டு, கொங்கிரீட் கூரையே போட்டோம். ஒக்டோபர், நவம்பரில் கண்டி மழை கடுமையானது. ஆகவே மேசனிடம் மூன்று விடயங்களைக் கண்டிப்பாகச் சொன்னேன்.

தட்டைக் கூரைக்கும் சரிவு வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது. நீர் கசியாத பூச்சு, கைப்பிடிச் சுவரிலும் ஆறு அங்குலம் ஏற வேண்டும். ஒன்று அடைத்தாலும் மற்றதால் நீர் வடிய, இரண்டு குழாய்கள் வேண்டும்.

தேங்கும் நீரில் பத்து நாட்களுக்குள் டெங்கு நுளம்பு பெருகிவிடும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதை மறக்கலாமா?

சகோதரிகளே, குழாய்களை அடைத்து, இரண்டு அங்குல நீரை ஒருநாள் முழுதும் கூரையில் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் கசியாவிட்டால் மட்டும் கடைசித் தவணையைக் கொடுங்கள்.